இதய ஆபரேஷனில் உடம்பை ஏன் குளிர வைக்கிறார்கள்? மூளைக்கு அதனால் என்ன?

என் பெரியப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்த அன்று மாலை, ஐசியுவுக்குள் போய் இரண்டே நிமிடம் பார்த்துவிட்டு வர அனுமதித்தார்கள். அண்ணன்தான் முதலில் அவர் கையைத் தொட்டான். தொட்டவன் அப்படியே திரும்பி என்னைப் பார்த்தான். கை சில்லென்று இருந்தது. எங்கள் முகம் போன போக்கைப் பார்த்த நர்ஸ், "பயப்படாதீங்க. தியேட்டர்ல உடம்பக் குளிர வெச்சிருந்தாங்க. கை கால் சூடாக இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்" என்றார். பெரியப்பா மேல் காகிதம் போல ஒரு மெல்லிய போர்வை கிடந்தது. ஒரு குழாய் வழியாக அதற்குள் வெதுவெதுப்பான காற்று போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் கண் விழித்தவர் கேட்ட முதல் கேள்வி: "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" வீட்டில் மாடு இல்லை. கடைசி மாட்டை விற்றுப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது.

சில்லென்ற கை, கலங்கிய பேச்சு. இரண்டையும் சேர்த்து வைத்து, குளிர வைத்ததால்தான் மூளை குழம்பிவிட்டதோ என்று நாங்கள் பயந்தோம். அதற்குப் பிறகு நான் படித்தும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும் புரிந்துகொண்டது கிட்டத்தட்ட இதற்கு நேர் எதிரானது. குளிர் மூளைக்குக் காவல். கவனமாக இருக்க வேண்டியது, குளிர்ந்த உடம்பைத் திரும்பச் சூடாக்கும் அந்த அரை மணி, ஒரு மணி நேரத்தில். இதய ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டுக் கவலையோடு இருக்கும் குடும்பங்களுக்கு இந்த விஷயம் தெரிந்திருந்தால் நல்லது என்றுதான் இதை எழுதுகிறேன்.

மூளையிடம் கையிருப்பு இல்லை

மூளையின் எடை நம் உடம்பு எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. சாப்பிட்டதில் மிச்சத்தைத் தசையும் கல்லீரலும் சேர்த்து வைக்கும். மூளையிடம் அப்படிப் பெரிதாக எதுவும் கிடையாது. ரத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் பத்து விநாடி போல நினைவு தப்பும். சாதாரண உடல் சூட்டில் நான்கைந்து நிமிடம் கடந்தால் செல்கள் சாகத் தொடங்கும்.

சாவது எப்படி என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். குளிர் எங்கே உதவுகிறது என்பது அங்கேதான் விளங்கும். ஒவ்வொரு நரம்பு செல்லும் தன் சுவரில் உள்ள நுண்ணிய பம்புகள் மூலம் சோடியத்தையும் கால்சியத்தையும் இடைவிடாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. ஓட்டைப் படகில் தண்ணீரை இறைத்துக் கொட்டுவது போன்ற வேலை இது. ஆக்சிஜன் நின்றதும் பம்புகளுக்கு எரிபொருள் தீர்ந்துவிடும், வெளியே இருந்தது உள்ளே புகும். அப்போது குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை செல்கள் கட்டுமீறிக் கொட்டுகின்றன. அது பக்கத்து செல்களையும் தூண்டிவிட, அவற்றுக்குள்ளும் கால்சியம் வெள்ளமாகப் பாய்கிறது. இப்படி ஒன்றைத் தொட்டு ஒன்றாக அழிவு பரவும். ரத்த ஓட்டம் திரும்பிய பிறகும் பல மணி நேரம் இது தொடரலாம்.

மாவு புளிக்கும் கணக்கு

இட்லிக்கு மாவு கரைத்து வைப்பவர்களுக்கு இது தெரியும். சித்திரை வெயிலில் காலையில் கரைத்த மாவு மாலைக்குள் பொங்கி வழியும். மார்கழியில் அதே மாவு, அதே உப்பு, விடிந்த பிறகும் அசையாமல் கிடக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் நாள் கணக்கில் தாங்கும். உயிருள்ள எதற்குள்ளும் நடக்கும் வேதி வேலைகள் சூட்டில் விரையும், குளிரில் தளரும். மூளையும் அப்படித்தான். உடல் வெப்பம் ஒரு செல்சியஸ் டிகிரி குறைந்தால் மூளையின் ஆக்சிஜன் தேவை சுமார் 6 முதல் 7 சதவீதம் குறையும்.

எரிபொருள் மிச்சம் மட்டும்தான் காரணம் என்றால் ஓரிரு டிகிரிக் குளிரால் பெரிய பயன் இருக்காது. ஆனால் பயன் அதைவிட அதிகமாக இருக்கிறது. மேலே சொன்னேனே, குளூட்டமேட் கொட்டுவது, அது சிறு குளிரிலேயே வெகுவாக அடங்கிவிடுவதை 1980களிலேயே விலங்கு ஆய்வுகள் காட்டின. செலவும் குறைகிறது, சேதம் பரவும் சங்கிலியும் தளர்கிறது.

நம் ஊரில் காய்ச்சலை ஃபாரன்ஹீட்டில் சொல்வதுதான் வழக்கம், 'நூத்தி ரெண்டு அடிக்குது' என்று. ஆபரேஷன் தியேட்டரில் எல்லாம் செல்சியஸ். எனவே ஒரு சின்ன மொழிபெயர்ப்பு. 37 செல்சியஸ் என்பது நம் சாதாரண 98.6. 32 என்பது கிட்டத்தட்ட 90. 28 என்பது 82. 18 என்பது 64 ஃபாரன்ஹீட், அதாவது ஊட்டியில் நல்ல பகல் வேளையின் குளிர்ச்சி. அந்த அளவுக்கு ஒரு மனித உடம்பையே குளிர வைத்து மீட்டுக் கொண்டுவருகிறார்கள்.

உறைபனியில் பிறந்த யோசனை

இந்த யோசனையை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த வில்ஃபிரெட் பிகலோ. இளம் அறுவை மருத்துவராக இருந்தபோது, உறைபனியில் விரல் கருகிப்போன ஒருவருக்கு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. குளிர் உடம்பை என்ன செய்கிறது என்ற கேள்வி அங்கிருந்து அவரை விடவே இல்லை. இதயத்தைத் திறந்து பழுது பார்க்க வேண்டுமானால் ரத்த ஓட்டத்தை நிறுத்தியாக வேண்டும், நிறுத்தினால் மூளை தாங்காது. இந்த முடிச்சில்தான் அந்தக் காலத்து இதய அறுவை சிக்கிக் கிடந்தது. உடம்பு முழுவதையும் குளிர வைத்தால் என்ன என்று பிகலோ கேட்டார்.

குளிரில் உடம்பு அதிக ஆக்சிஜன் செலவழிக்கும் என்றே அதுவரை பலர் நம்பியிருந்தார்கள். அது நடுக்கத்தால் வருவது. குளிரில் வெடவெடவென்று நடுங்கும்போது தசைகள் ஓயாமல் வேலை செய்கின்றன அல்லவா? மயக்க மருந்தால் நடுக்கத்தை அடக்கிவிட்டால் செலவு சீராக இறங்குகிறது என்பதை நாய்களில் செய்த சோதனைகளில் பிகலோ காட்டினார், 1950இல் வெளியிட்டார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். விடை எப்போதோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது, நடுக்கம் அதை மறைத்துக்கொண்டிருந்தது.

1952 செப்டம்பர் 2. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ் தலைமையில் ஒரு குழு, இதயச் சுவரில் ஓட்டையோடு இருந்த ஐந்து வயதுச் சிறுமியை 28 டிகிரிக்குக் குளிர வைத்தது. ரத்தம் இதயத்துக்கு வரும் வழியை ஐந்தரை நிமிடம் அடைத்து, கண்ணால் பார்த்தபடி அந்த ஓட்டையைத் தைத்து மூடினார்கள். பிறகு குழந்தையை வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சூடாக்கினார்கள். அவள் பிழைத்தாள். திறந்த இதயத்துக்குள் கண்ணால் பார்த்துச் செய்து வென்ற முதல் அறுவை சிகிச்சை இது என்பார்கள். இயந்திரம் எதுவும் இல்லை. குளிர் மட்டும்தான் துணை.

அடுத்த ஆண்டு மே 6ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன், இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் 26 நிமிடம் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்து 18 வயதுப் பெண்ணுக்கு அறுவை செய்தார். இயந்திரம் வந்துவிட்டதே, இனிக் குளிர் எதற்கு என்று தோன்றும். ஆனால் 1950களின் இறுதியிலேயே இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். இயந்திரத்துக்குள் ஓடும் ரத்தத்தைக் குளிர்ந்த நீர் சுற்றும் குழாய்களின் ஓரமாக விட்டால் உடம்பு உள்ளிருந்தே விரைவாகக் குளிரும். வெந்நீரை விட்டால் சூடாகும். ஐஸ் தொட்டியும் வெந்நீர்த் தொட்டியும் தேவைப்படாமல் போயின.

ரத்த ஓட்டத்தையே நிறுத்தும் ஆபரேஷன்கள்

சாதாரண பைபாஸிலும் வால்வு மாற்றத்திலும் இதயம் நின்றிருந்தாலும், இயந்திரம் மூளைக்கு ரத்தம் அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். அங்கே குளிர் ஒரு காப்பீடு மாதிரி. பம்ப் கொஞ்ச நேரம் தடுமாறினாலோ ரத்த அழுத்தம் இறங்கினாலோ தாங்கிக்கொள்ள மூளைக்கு அவகாசம் கிடைக்கும். இப்போது பெரும்பாலான இடங்களில் இவற்றுக்கு 32 முதல் 35, 36 வரைதான் வைத்துக்கொள்கிறார்கள். மிதமான குளிர்.

பெருந்தமனி வளைவில் வேலை என்றால் கதையே வேறு. இதயத்திலிருந்து மேலேறி வளைந்து இறங்கும் அந்தப் பெரிய குழாயின் வளைவில்தான் மூளைக்குப் போகும் தமனிகள் கிளம்புகின்றன. அந்த வளைவு வீங்கினாலோ கிழிந்தாலோ மாற்றியாக வேண்டும். மாற்ற வேண்டுமானால் இயந்திரத்தையும் நிறுத்த வேண்டும். குழாயை அறுத்துவிட்டு, அதே குழாய் வழியாக எப்படி ரத்தம் அனுப்புவது? 1975இல் ஸ்டான்ஃபோர்டில் ராண்டல் கிரீப், ஆழமாகக் குளிர வைத்து ரத்த ஓட்டத்தை முழுவதும் நிறுத்தி வளைவை மாற்றிய நான்கு நோயாளிகளைப் பற்றி எழுதினார். மூன்று பேர் பிழைத்தார்கள். அதுவரை கிட்டத்தட்டக் கை வைக்கவே அஞ்சிய இடம் அது.

எவ்வளவு குளிர வைத்தால் எவ்வளவு நேரம் கிடைக்கும்? கிரீப் பின்னாளில் பணியாற்றிய நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனைக் குழு, நோயாளிகளின் மூளை ஆக்சிஜன் செலவை அளந்து 1999இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 37 டிகிரியில் பாதுகாப்பான நேரம் 5 நிமிடம் என்று வைத்தால் 30இல் 9, 25இல் 14, 20இல் 21, 15இல் 31 நிமிடம். 10 டிகிரியில் 45. நன்றாகப் பாருங்கள், 15 டிகிரிக்கு இறக்கினாலும் மூளை முற்றிலும் அடங்குவதில்லை. தன் வழக்கமான செலவில் ஆறில் ஒரு பங்கைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. கடிகாரம் மெதுவாக ஓடுகிறது, நிற்கவில்லை. இதனால்தான் பெருந்தமனி ஆபரேஷனில் 'நிறுத்திவிட்டோம்' என்று சொன்ன நொடியிலிருந்து ஒருவர் நிமிடங்களை வாய்விட்டு எண்ணிச் சொல்கிறார். தலையைச் சுற்றிலும் ஐஸ் பைகள் அடுக்கியிருக்கும். மூளை அலைகளைப் பதிவுசெய்யும் திரையில் கோடு நேராகப் படுத்திருக்கும்.

இப்போது பெரும்பாலும் அந்த நேரத்திலும் மூளையைப் பட்டினி போடுவதில்லை. வலது அக்குளுக்குப் பக்கத்துத் தமனி வழியாகக் குளிர்ந்த ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மூளைக்கு மட்டும் அனுப்புகிறார்கள். நெற்றியில் ஒட்டிய இரண்டு பட்டைகள், ஒளியைச் செலுத்தி இடது வலது மூளையின் ஆக்சிஜன் அளவைக் காட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்க எண் சரிந்தால் அந்தப் பக்கத்துக்கும் தனியாக ரத்தம் கொடுப்பார்கள். இந்த முறை வந்த பிறகு 18 டிகிரி வரை இறங்க வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. 24, 28 டிகிரியிலேயே பலர் முடித்துவிடுகிறார்கள்.

அப்படியானால் ஆழக் குளிர் தேவையே இல்லையா? இதை நேராகவே சோதித்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2024இல் வெளியானது. வளைவு அறுவைக்கு வந்த 300 பேருக்கும் மேல், மூளைக்குத் தனி ரத்த ஓட்டத்தோடு, 20க்குக் கீழ், 20 முதல் 24, 24 முதல் 28 என்று மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். நான்கு வாரம் கழித்து நினைவாற்றல், கவனம் முதலியவற்றைச் சோதித்தார்கள். மொத்தத்தில் மிதக் குளிர் ஆழக் குளிரைவிட மோசமில்லை என்று தெரிந்தது. ஆனால் சொற்களை நினைவில் வைத்துச் சொல்லும் சோதனையில் மட்டும் ஆழக் குளிர்ப் பிரிவினர் சற்று நன்றாகச் செய்திருந்தார்கள். எனவே இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. இரண்டு பக்கமும் நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

குளிருக்கும் ஒரு விலை உண்டு

இவ்வளவு நல்லது என்றால் எல்லோரையும் ஆழமாகக் குளிர வைத்துவிடலாமே? முடியாது. குளிர்ந்த ரத்தம் சரியாக உறையாது, ஆபரேஷன் முடிந்த பிறகு கசிவு நிற்காது. இதயத் துடிப்பு தடுமாறும். தொற்றை எதிர்க்கும் சக்தி தளரும். குளிர்விக்கவும் சூடாக்கவும் ஆகும் நேரம் முழுக்க நோயாளி இயந்திரத்திலேயே இருக்க வேண்டும். அதுவும் உடம்புக்கு நல்லதில்லை.

1990களில் 'சூட்டிலேயே செய்வோம்' என்று ஒரு அலை எழுந்தது. டொராண்டோவில் 1732 நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு, சூடான முறையில் பக்கவாதம் கூடவில்லை என்றது. அதே 1994இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகம் 1001 பேரை வைத்துச் செய்த ஆய்வோ, சூடான பிரிவில் நரம்புக் கோளாறுகள் சுமார் மூன்று மடங்கு என்றது. 4.5 சதவீதமும் 1.4 சதவீதமும். ஒரே கேள்விக்கு இரண்டு விடை எப்படி வந்தது? டொராண்டோவில் 'சூடு' என்றால் உடம்பு தானாகக் கொஞ்சம் குளிர விட்டுவிட்டார்கள். எமரியில் 35க்குக் குறையாமல் முனைந்து சூட்டைப் பிடித்து வைத்திருந்தார்கள். சர்க்கரை அளவும் அங்கே கூடியிருந்தது. ஓரிரு டிகிரி எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

திரும்பச் சூடாக்கும் நேரம்

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க மாட்டானா என்பார்கள். இங்கே அது தலைகீழ். ஆறப் பொறுத்தவர்கள் சூடாகப் பொறுக்க வேண்டும். கடைசித் தையல் போட்டாயிற்று, எல்லோரும் களைத்திருக்கிறார்கள், இயந்திரத்திலிருந்து சீக்கிரம் பிரித்துவிட்டால் நல்லது என்ற அவசரம் இயல்பானது. அந்த அவசரத்தில்தான் மூளை சுடப்படும்.

இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்டின் இருக்கையிலிருந்து பாருங்கள். அவர் முன்னால் ஒரு வெப்பநிலை இல்லை, மூன்று நான்கு இருக்கின்றன. இயந்திரத்திலிருந்து நோயாளிக்குள் போகும் ரத்தத்தின் சூடு ஒன்று. மூக்கு வழியாகத் தொண்டையின் மேல்பகுதி வரை செலுத்திய மெல்லிய கம்பி சொல்வது இன்னொன்று. சிறுநீர்க் குழாயின் நுனியிலிருந்து, சிறுநீர்ப்பையின் சூடு மூன்றாவது. சூடாக்கும்போது உதாரணத்துக்கு இப்படி இருக்கும்: ரத்தம் 37, மூக்கு 36, சிறுநீர்ப்பை 33. இதில் எதை நம்புவது?

சிறுநீர்ப்பையைப் பார்த்து 'இன்னும் நாலு டிகிரி பாக்கி' என்று ரத்தத்தின் சூட்டை 38, 39 என ஏற்றினால் என்ன ஆகும்? சிறுநீர்ப்பைக்கும் தொடைக்கும் ரத்தம் மெதுவாகத்தான் போகிறது, அவை சூடேற நேரமாகும். மூளை அப்படி இல்லை. பம்ப் அனுப்பும் ரத்தத்தில் கணிசமான பங்கு உடனே அதற்குப் போய்விடுகிறது. ஆகவே மூளை எல்லாவற்றுக்கும் முன்னால் சூடாகிவிடும். சிறுநீர்ப்பை 37ஐத் தொடும்போது மூளை 39இல் இருக்கலாம். ஆபரேஷனில் ஏற்கெனவே நொந்து கிடக்கும் மூளைக்கு, மயக்கத்திலேயே நல்ல காய்ச்சல். 'இதுதான் மூளையின் சூடு' என்று திரையில் எந்த எண்ணும் நேரடியாகச் சொல்லாது. மூக்குக் கம்பிகூட மூளையின் உண்மைச் சூட்டைவிடக் குறைத்துத்தான் காட்டும்.

சூடான மூளை அதிக ஆக்சிஜன் கேட்கும். அதே நேரம் இயந்திரத்தில் நீர்த்துப்போன ரத்தத்தால் அதிகம் கொடுக்க முடியாது. வரவுக்கும் செலவுக்கும் இடையே துண்டு விழும். நாம் முதலில் பார்த்த குளூட்டமேட் சங்கிலியும் சூட்டில் மறுபடி உயிர் பெறும். வாயுக் குமிழிகள் இன்னொரு ஆபத்து. அடுப்பில் வைத்த தண்ணீரைக் கவனித்தால், கொதிப்பதற்கு வெகுநேரம் முன்பே பாத்திரத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டியிருக்கும். குளிர்ந்த நீரில் கரைந்திருந்த காற்று, சூடேறியதும் வெளியே வருகிறது. ரத்தத்திலும் அதுவே நடக்கும். குளிர்ந்த ரத்தத்தைச் சட்டென்று சூடாக்கினால் வாயு பிரிந்து நுண்குமிழிகளாக மூளைக்குப் போகலாம்.

2015இல் அமெரிக்காவின் இதய அறுவை, மயக்கவியல், பெர்ஃப்யூஷன் அமைப்புகள் மூன்றும் சேர்ந்து வழிகாட்டி வெளியிட்டபோது இதைத்தான் எண்களாக எழுதின. உள்ளே போகும் ரத்தத்தின் சூட்டையே மூளையின் சூடு என்று கொள்ளுங்கள். அது 37ஐத் தாண்டக் கூடாது. ரத்தம் உள்ளே போகும்போதும் உடம்பிலிருந்து திரும்பி வரும்போதும் உள்ள சூட்டு வித்தியாசம் 10 டிகிரியைத் தாண்டக் கூடாது. உள்ளே போகும் ரத்தம் 30ஐக் கடந்த பிறகு இன்னும் மெதுவாக, நிமிடத்துக்கு அரை டிகிரிக்கு மேல் வேண்டாம். கணக்குப் போட்டால் 30லிருந்து 37க்கு வரவே குறைந்தது 14 நிமிடம். நடைமுறையில் இன்னும் கூடுதலாகவே ஆகும். நல்ல பெர்ஃப்யூஷனிஸ்ட் கடைசித் தையலுக்கு வெகு முன்பே மெல்லச் சூடாக்கத் தொடங்கிவிடுவார்.

இந்த எண்களுக்குப் பின்னால் நோயாளிகள் இருக்கிறார்கள். கனடாவின் ஒட்டாவாவில் பைபாஸ் நோயாளிகள் எல்லோரையும் 32க்குக் குளிர வைத்து, பாதிப் பேரை 37 வரையும் மீதிப் பேரை 34 வரை மட்டுமே இயந்திரத்தில் சூடாக்கினார்கள். 2001இல் வெளியான முடிவு: ஒரு வாரம் கழித்து அறிவாற்றல் சோதனையில் சறுக்கியவர்கள் முதல் பிரிவில் 62 சதவீதம், இரண்டாவதில் 48. டியூக் பல்கலைக்கழகத்தில் 2002இல், எட்டும் வெப்பநிலையை மாற்றாமல் சூடாக்கும் வேகத்தை மட்டும் குறைத்துப் பார்த்தார்கள். ஆறு வாரம் கழித்து, மெதுவாகச் சூடாக்கப்பட்டவர்கள் சோதனையில் நன்றாகச் செய்தார்கள். புது மருந்தில்லை, புது கருவியில்லை, கூடுதல் செலவும் இல்லை. பொறுமை மட்டுமே. எனக்கு இந்த ஆய்வைப் படித்தபோது நெஞ்சு நிறைந்தது.

ஐசியுவில் நடப்பது

பெரியப்பாவின் சில்லிட்ட கைக்கு வருகிறேன். இயந்திரத்திலிருந்து பிரிக்கும்போது மூளையும் இதயமும் வெதுவெதுப்பாகிவிட்டிருக்கும். கை கால், தோல், கொழுப்பு எல்லாம் இன்னும் குளிர்ந்தே இருக்கும். நடுவில் உள்ள சூடு மெல்ல ஓரங்களுக்குப் பரவும்போது உள்சூடு மறுபடி ஒரு டிகிரி போலச் சரியும். நடுக்கம் வரலாம். நடுக்கம் ஆக்சிஜனைத் தின்னும் என்று பிகலோ காலத்திலேயே தெரியும். அதனால்தான் அந்த வெதுவெதுப்பான காற்றுப் போர்வை. கை சில்லென்று இருந்தது, மூளை பத்திரமாகச் சூடாக்கப்பட்டதற்கும் பொருந்தி வரும் காட்சிதான்.

ஆனால் போர்வை வேலையை முடித்த பிறகு ஊசல் எதிர்ப்பக்கம் போகும். ஆபரேஷனும் இயந்திரமும் உடம்பைக் கிளறிவிட்ட அழற்சியால் முதல் நாளில் பலருக்குக் காய்ச்சல் அடிக்கும். டியூக் குழுவே 2002இல் இன்னொன்றையும் கவனித்தது. முதல் 24 மணி நேரத்தில் உச்ச வெப்பநிலை கூடக் கூட, ஆறாவது வாரத்தில் அறிவாற்றல் சரிவும் கூடியிருந்தது. காய்ச்சல்தான் காரணமா, காய்ச்சலுக்கும் சரிவுக்கும் பொதுவான வேறொன்று காரணமா என்பதை இந்த மாதிரி ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் ஐசியுவில் வரும் காய்ச்சலைச் சும்மா விடக் கூடாது என்ற எண்ணம் அதிலிருந்து வலுத்தது.

சரி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொன்னது? அதற்கு டெலிரியம் என்று பெயர், திடீர் மனக்குழப்பம். இதய ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்கு அடிக்கடி வருவது. வெப்பநிலை அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். வயது, மயக்க மருந்து, வலி, வலி மருந்து, தூக்கமின்மை, எந்நேரமும் எரியும் ஐசியு விளக்கு, ஓயாத மெஷின் சத்தம் எல்லாமே காரணங்கள்தான். பெரும்பாலானவர்களுக்குச் சில நாளில் தெளிந்துவிடும். வீட்டார் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது: கண்ணாடியையும் காது மெஷினையும் கொண்டுபோய்க் கொடுங்கள், இன்று என்ன கிழமை, இது எந்த ஊர் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள், தெரிந்த முகம் பக்கத்தில் இருக்கட்டும், இரவில் தூங்க விடுங்கள். ஒரு பக்கக் கையோ காலோ அசையவில்லை, வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது வேறு. அந்த நொடியே நர்ஸைக் கூப்பிட வேண்டும். பெருந்தமனிச் சுவரில் படிந்த கொழுப்பு பெயர்ந்து மூளைத் தமனியை அடைத்தால் எந்தக் குளிரும் அதை முழுதாகத் தடுக்காது.

நீண்ட காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பைபாஸ் செய்தவர்களில் 42 சதவீதம் பேருக்கு ஐந்தாண்டு கழித்து அறிவாற்றல் குறைந்திருந்தது என்று 2001இல் டியூக் ஆய்வாளர்கள் எழுதியபோது பெரும் கலக்கம் உண்டானது. அந்த எண்ணை இன்றும் தனியாகப் பிய்த்தெடுத்துப் பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வில், ஆபரேஷன் செய்யாத இதய நோயாளிகள் ஒப்பீட்டுக்கு இல்லை. பின்னர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு அவர்களையும் சேர்த்துப் பார்த்தபோது, மாத்திரையில் மட்டும் இருந்தவர்களுக்கும் ஆண்டுகள் போகப்போக ஏறக்குறைய அதே சரிவு தெரிந்தது. ரத்தக்குழாய் நோயும் வயதும் செய்ததை ஆபரேஷன் தலையில் கட்டிவிட்டோம். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பது இந்த இடத்தில் எந்தக் குளிரைவிடவும் பெரிய காவல். எனவே மூளை கெட்டுவிடும் என்று பயந்து தேவையான ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து நிபுணர் வந்து பேசுவார். அவரிடம் தாராளமாகக் கேட்கலாம்: எத்தனை டிகிரி வரை குளிர வைப்பீர்கள், எங்கே அளப்பீர்கள், மூளைக்குத் தனி ரத்த ஓட்டம் தேவைப்படுமா என்று. கேட்டால் விருப்பத்தோடு விளக்குபவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

பெரியப்பாவுக்கு நாலாம் நாள் தெளிந்துவிட்டது. இடையில் நடந்த எதுவும் அவருக்கு நினைவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொன்னதை அண்ணன் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அது எந்த மாடு என்று அவரே சொன்னார். செவலை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, பெயர் லட்சுமி, சோழவந்தான் சந்தையில் வாங்கியது, கொடுத்த விலை உட்பட.